பாபி காக்ஸ் பெரிய மேனேஜரா, இல்ல நல்ல டீம் கெடச்ச ஆளா?

தம்பி, நீங்க கேட்டத முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியணும்ல. அட்லாண்டாவுக்கு வந்து ஆறு மாசம் ஆச்சு, ஆபீஸ்காரங்களோட ட்ரூயிஸ்ட் பார்க் ஸ்டேடியத்துல இந்த ஊர் பேஸ்பால் டீம் பிரேவ்ஸோட மேட்ச் பாக்கப் போனீங்க, முன் வரிசையில ரெண்டு பெரியவங்க அந்த டீமோட பழைய மேனேஜர் பாபி காக்ஸ் பேர சொல்லி ஏழாவது இன்னிங்ஸ்ல ஆரம்பிச்ச சண்டைய பார்க்கிங் வரைக்கும் விடல. ஒருத்தர் அவர மாதிரி ஒரு மேனேஜர் இனிமே பொறக்கணும்னாரு, இன்னொருத்தர் 14 தடவ டிவிஷன் (லீக்குக்குள்ள இருக்கற டீம் குரூப்) ஜெயிச்சுட்டு ஒரே ஒரு வேர்ல்ட் சீரிஸ்தான் (அக்டோபர்ல நடக்கற கடைசி ஃபைனல்), அந்த பிட்சர்கள (பந்து போடறவங்கள) வெச்சுக்கிட்டு யார உக்கார வெச்சிருந்தாலும் இதவிட நல்லா பண்ணிருப்பாங்கன்னாரு. யார் சொல்றது சரின்னு கேட்டிருக்கீங்க.

நான் இந்த ஊருக்கு வந்தது 1998ல. அப்ப டர்னர் ஃபீல்டுல மேட்ச் அன்னிக்கு கியூவுல நின்னா ஒரு டாலருக்கு டிக்கெட் கெடைக்கும், உச்சாணிக் கொம்புல உக்காரணும், பந்து கடுகு மாதிரி தெரியும். கைல காசு இல்லாத காலம், அதனால வாரத்துக்கு ரெண்டு நாள் அங்கதான். பேஸ்பால் எனக்கு புரிஞ்சதே பாபி காக்ஸ பாத்துத்தான். அதனால நான் நடுநிலையான ஆள்னு சொல்லிக்கல, ஆனா இந்த விவாதத்துல ரெண்டு பக்கமும் இருபது வருஷத்துக்கு மேல கேட்டாச்சு, என் மனசுக்கு பட்டத சொல்றேன்.

கிரிக்கெட் பாத்து வளந்த நமக்கு முதல்ல ஒரு விஷயம் புடிபடணும். நம்ம ஊர்ல யார் பந்து போடணும், ஃபீல்டு எங்க நிக்கணும்னு முடிவு பண்றது கேப்டன், அவரும் மைதானத்துக்குள்ளயே நிக்கிறாரு. பேஸ்பால்ல அதெல்லாம் மேனேஜரோட வேலை. அவரு டக்அவுட்ல (மைதான ஓரத்துல டீம் உக்கார்ற இடம்), அதுவும் ப்ளேயர் போடற அதே யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு நின்னு முடிவெடுப்பாரு. இன்னொரு முக்கியமான வித்தியாசம், ஒருத்தர வெளிய எடுத்துட்டா அன்னிக்கு அவரு திரும்ப உள்ள வரவே முடியாது. கிரிக்கெட்ல பும்ராவ நிறுத்திட்டு பத்து ஓவர் கழிச்சு திரும்ப கொண்டு வரலாம். இங்க ஒரு பிட்சர எடுத்தா எடுத்ததுதான். அதனால கடைசில வர்ற எட்டாவது, ஒம்பதாவது இன்னிங்ஸ்ல யார எடுத்து யார போடறோம்ங்கறதுலதான் மேனேஜரோட தலையெழுத்தே இருக்கு. பாபி காக்ஸ பத்தின சண்டை முக்காவாசி அந்த முடிவுகள பத்தினதுதான்.

இப்ப ஆள பத்தி. 1941ல ஓக்லஹோமால பொறந்தவரு, கலிஃபோர்னியால வளந்தவரு. ப்ளேயரா பெருசா ஒண்ணும் இல்ல, யாங்கீஸுக்கு 1968, 69னு ரெண்டு சீசன் மூணாவது பேஸ் ஆடினாரு, முழங்கால் ஒத்துழைக்கல. 1978ல இருந்து 81 வரைக்கும் பிரேவ்ஸ் மேனேஜர், டீம் சுமார்தான், ஓனர் டெட் டர்னர் அவர வேலைய விட்டு அனுப்பிட்டாரு. அந்த பிரஸ் மீட்ல அடுத்த மேனேஜர் எப்படிப்பட்டவரா இருக்கணும்னு டர்னர்கிட்ட கேட்டப்ப, இப்பதான் பாபிய அனுப்பிட்டேன், இல்லன்னா அவரேதான் பொருத்தமான ஆளுன்னு சொன்னாரு. அதுக்கப்புறம் டொரான்டோ, 1982ல இருந்து 85. கடைசி வருஷம் 99 மேட்ச் ஜெயிச்சு டொரான்டோவுக்கு அதோட முதல் டிவிஷன் பட்டத்த வாங்கிக் குடுத்தாரு. ஆனா அந்த வருஷம் கேன்சஸ் சிட்டிகிட்ட 3-1னு முன்னால இருந்துட்டு 4-3னு சீரிஸ் தோத்தாரு. இத மனசுல வெச்சுக்கோங்க, காக்ஸ திட்டறவங்க லிஸ்ட் அங்க இருந்துதான் ஆரம்பிக்கும்.

மொத்தமா 29 சீசன், 2,504 வெற்றி, 2,001 தோல்வி. மொத்த வெற்றில கானி மேக், லா ரூசா, மெக்ரா இந்த மூணு மேனேஜருக்கு அடுத்து அவருதான். கானி மேக் டீம்ல ஓனரும் அவரே, அதனால அவர யாரும் வேலைய விட்டு தூக்க முடியாது, அதனாலயே அவரு 50 வருஷம் ஓட்டினாரு. பாபிக்கு அந்த வசதி கிடையாது.

இப்ப அந்த ரெண்டாவது பெரியவர் சொன்னதுக்கு வரேன். "மேடக்ஸ், கிளாவின், ஸ்மோல்ட்ஸ்னு மூணு பிட்சர் இருந்தா யார் வேணா ஜெயிக்கலாம்." இத கேக்கறப்பல்லாம் எனக்கு வருத்தமாத்தான் இருக்கும், ஏன்னா அந்த டீம் வானத்துல இருந்து விழுந்த மாதிரி பேசறாங்க. 1985 கடைசில பாபி அட்லாண்டாவுக்கு திரும்பி வந்தது மேனேஜரா இல்ல, ஜெனரல் மேனேஜரா. அதாவது யார வாங்கணும், யார விக்கணும், எந்த ஸ்கூல் பையன டிராஃப்ட்ல (டீம்கள் வரிசையா புதுப் பசங்கள தேர்ந்தெடுக்கறது) எடுக்கணும்னு முடிவு பண்ற ஆள். அந்த வருஷங்கள்ல டீம் எவ்ளோ மோசம்னா 1988ல 106 மேட்ச் தோத்தாங்க. ஸ்டேடியத்துல காக்கா கூட உக்காராது. ஆனா 1987 ஆகஸ்ட்ல டாயில் அலெக்ஸாண்டர்னு ஒரு வயசான பிட்சர டெட்ராய்ட்டுக்கு குடுத்துட்டு, அவங்க மைனர் லீக்ல (கீழ்மட்ட டீம்ல) இருந்த 20 வயசு பையன் ஒருத்தன வாங்கினாரு. அலெக்ஸாண்டர் அங்க போயி அந்த சீசன் பாக்கி முழுக்க ஒரு மேட்ச் கூட தோக்காம 9-0ன்னு போட்டு டெட்ராய்ட்ட டிவிஷன் ஜெயிக்க வெச்சாரு, எல்லாரும் அட்லாண்டாவ பாத்து சிரிச்சாங்க. அந்த பையன்தான் ஜான் ஸ்மோல்ட்ஸ். 1988ல ஸ்டீவ் ஏவரிங்கற பிட்சர டிராஃப்ட்ல எடுத்தாங்க. 1990 டிராஃப்ட்ல முதல் இடம், எல்லாரும் டாட் வான் பாப்பல்ங்கற பிட்சர எடுப்பாங்கன்னு எதிர்பாத்தாங்க, அவரு அட்லாண்டாவுக்கு வரமாட்டேன்னுட்டாரு, சரின்னு ஃப்ளோரிடாவுல ஒரு ஸ்கூல் பையன எடுத்தாங்க. சிப்பர் ஜோன்ஸ். 2012 வரைக்கும் இங்கயே ஆடினாரு, இன்னிக்கு ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்காரு.

இதெல்லாம் பாபி ஒருத்தரே பண்ணாருன்னு சொல்ல மாட்டேன். பால் ஸ்னைடர்னு ஒரு ஸ்கவுட்டிங் தலைவர் இருந்தாரு, அவரோட கண்ணு இல்லன்னா இந்த பசங்க யாருமே இல்ல. கிளாவின் 1984லயே வந்தவரு, பாபிக்கு முன்னால. மேடக்ஸ 1992 டிசம்பர்ல வாங்கினது பாபிக்கு அப்புறம் ஜெனரல் மேனேஜரா வந்த ஜான் ஷூர்ஹோல்ட்ஸ். ஆனா அடிமட்டத்துல கெடந்த டீம்ல, பொறுமையா நாத்து விட்டு தண்ணி ஊத்தினது பாபிதான், 1990 ஜூன்ல அவரே டக்அவுட்டுக்கு இறங்கி வந்து அந்த பசங்கள வெச்சு மேனேஜர் வேலையும் பாத்தாரு. 1990ல 65 வெற்றி, கடைசி இடம். 1991ல 94 வெற்றி, முதல் இடம், வேர்ல்ட் சீரிஸ் ஏழாவது மேட்ச். அப்ப மேடக்ஸ் இந்த டீம்லயே இல்ல, இதையும் சேத்து சொல்லுங்க அந்த பெரியவர்கிட்ட.

அதவிட பெரிய பதில் இன்னொண்ணு இருக்கு. 2002 சீசன் முடிஞ்சதும் கிளாவின் மெட்ஸுக்கு போயிட்டாரு. 2004 ஆரம்பத்துல மேடக்ஸ் கப்ஸுக்கு போயிட்டாரு. ஸ்மோல்ட்ஸ் கை ஆபரேஷனுக்கு அப்புறம் 2004 வரைக்கும் க்ளோசரா கடைசி இன்னிங்ஸ் மட்டும்தான் போட்டுக்கிட்டிருந்தாரு. அந்த மூணு பேரும் சேந்து மேட்ச் ஆரம்பிச்சுப் போட்ட காலம் முடிஞ்சே போச்சு. அப்பவும் 2003ல 101, 2004ல 96, 2005ல 90 வெற்றி, மூணு வருஷமும் டிவிஷன் பட்டம். 2005ல மெக்கான், ஃப்ராங்கோர்னு மீசை முளைக்காத பசங்க, பாதி பேர் ஸ்பிரிங்ல மைனர் லீக்ல இருந்தவங்க. நான் அந்த வருஷம் நிறைய மேட்ச் நேர்ல பாத்தேன், இந்த டீம் எப்படி ஜெயிக்குதுன்னு பக்கத்து சீட்காரங்களுக்கே புரியல. 2004, 2005 ரெண்டு வருஷமும் அவருக்குத்தான் சிறந்த மேனேஜர் விருது. மொத்தம் நாலு தடவ, 1985, 1991, 2004, 2005. பாருங்க, அந்த மூணு பிட்சரும் உச்சத்துல இருந்தப்ப ஒரு தடவ கூட அவருக்கு குடுக்கல, அவங்க மூணு பேரும் சேந்து இல்லாதப்பதான் குடுத்திருக்காங்க.

இங்க எதிர்ப்பக்கம் சொல்ற ஒரு நல்ல வாதம் இருக்கு, அத மறைக்கக் கூடாது. லியோ மஸோனி. பிட்சிங் கோச். டக்அவுட்ல பாபி பக்கத்துல உக்காந்து முன்னும் பின்னும் ஆடிக்கிட்டே இருப்பாரு, டிவில பாத்தா ஊஞ்சல்ல உக்காந்த மாதிரி இருக்கும். அவரோட முறையே வேற. மத்த டீம்ல ஒரு பிட்சர் ஒரு மேட்சுக்கும் அடுத்த மேட்சுக்கும் நடுவுல ஒரு தடவ புல்பென்ல (பிட்சர்கள் போட்டுப் பழகி தயாராகற இடம்) போட்டு பாப்பாங்க, இவரு ரெண்டு தடவ போட வெப்பாரு, ஆனா முழு வேகத்துல இல்ல, பாதி பலத்துல, பந்து எங்க விழணுமோ அங்க விழுதான்னு மட்டும். 2005 முடிஞ்சு மஸோனி பால்டிமோர் போயிட்டாரு, அடுத்த வருஷமே பிரேவ்ஸ் 79-83, பட்ட வரிசை அறுந்துச்சு. அப்ப நிஜமான ஆள் மஸோனிதானான்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா பால்டிமோர்ல மஸோனிய ரெண்டே சீசன்ல அனுப்பிட்டாங்க, அங்க பிட்சிங் உருப்படல. ஆக பாபி இல்லாம மஸோனிக்கும் ஓடல, மஸோனி இல்லாம பாபிக்கும் தடுமாறிச்சு. ரெண்டு பேரும் சேந்து இழுத்த வண்டின்னுதான் நான் எடுத்துக்கறேன்.

சரி, அக்டோபர். இதுதான் புண்ணு.

14 பட்டத்துல ஒம்பது தடவ லீக் ஃபைனல் சீரிஸ், அஞ்சு தடவ வேர்ல்ட் சீரிஸ், 1991, 92, 95, 96, 99. ஜெயிச்சது 1995 மட்டும். 2000ல, அப்புறம் 2002ல இருந்து 2005 வரைக்கும் வரிசையா நாலு வருஷம், முதல் ரவுண்டுலயே வீட்டுக்கு. இத சொல்றப்ப எனக்கே வயித்த கலக்கும்.

ரெண்டு அக்டோபர் ராத்திரிய பக்கத்துல வெச்சு பாருங்க. 1991 வேர்ல்ட் சீரிஸ், மின்னசோட்டா, ஆறாவது மேட்ச், பிரேவ்ஸ் 3-2ன்னு முன்னால, இன்னும் ஒண்ணு ஜெயிச்சா கோப்பை. மேட்ச் 3-3, பதினோராவது இன்னிங்ஸ். பாபி உள்ள கொண்டு வந்தது சார்லி லீப்ரான்ட். இடது கை பிட்சர், அந்த வருஷம் 15 மேட்ச் ஜெயிச்சவரு, ஆனா அவரு மேட்ச ஆரம்பிச்சுப் போடற ஆள், நடுவுல புல்பென்ல இருந்து ஓடி வந்து போட்டுப் பழகினவரு இல்ல. எதிர்ல முதல் ஆளே கிர்பி பக்கெட், வலது கை, இடது கை பந்துன்னா அல்வா மாதிரி சாப்பிடறவரு. நாலாவது பந்து, ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), மேட்ச் காலி. மறுநாள் ஜாக் மோரிஸ் பத்து இன்னிங்ஸ் போட்டு 1-0ன்னு கோப்பைய தூக்கிட்டுப் போயிட்டாரு.

அடுத்த வருஷம், 1992, டொரான்டோ கூட, அதே ஆறாவது மேட்ச், அதே பதினோராவது இன்னிங்ஸ். மறுபடியும் லீப்ரான்ட். ரெண்டு அவுட், ரெண்டு பேர் பேஸ்ல, அடிக்க வர்றது 41 வயசு டேவ் வின்ஃபீல்ட், அவரும் வலது கை. புல்பென்ல வலது கை க்ளோசர் ஜெஃப் ரியர்டன் தயாரா இருந்தாரு. ஸ்டேடியமே டக்அவுட்டயே பாக்குது, பாபி இப்ப எழுந்து வருவாரு, வருவாருன்னு. வரல. மூணாவது பேஸ் கோட்ட ஒட்டி டபுள் (ரெண்டாவது பேஸ் வரைக்கும் ஓடற அடி), ரெண்டு ரன். பிரேவ்ஸ் திரும்ப ஒண்ணுதான் எடுத்தாங்க, 4-3.

இத வெச்சுத்தான் முப்பது வருஷமா அந்த மனுஷன திட்டறாங்க, ஒரே கல்லுல ரெண்டு வருஷம் கால் இடிச்சுக்குவியான்னு. ஆனா இதோட இன்னொரு பக்கம் யாரும் சொல்றதில்ல. ரியர்டன ஏன் போடலன்னா, அதே சீரிஸ் ரெண்டாவது மேட்ச்ல ஒம்பதாவது இன்னிங்ஸ்ல எட் ஸ்பிரேகுக்கு ஹோம் ரன் குடுத்து மேட்ச விட்டவரு ரியர்டன். மூணாவது மேட்ச்லயும் கடைசி அடிய வாங்கினவரு அவரேதான். ரெண்டு தடவ சுட்ட கைய மூணாவது தடவ நீட்டலாமா? 1992ல தோத்த நாலு மேட்சும் ஒரே ஒரு ரன்ல தோத்தது, சீரிஸ் முழுக்க கூட்டினா பிரேவ்ஸ் 20 ரன், டொரான்டோ 17. அதிக ரன் எடுத்த டீம் தோத்துச்சு.

1996 இன்னும் மோசம். யாங்கீஸ் கூட முதல் ரெண்டு மேட்ச் அவங்க ஊர்லயே 12-1, 4-0ன்னு ஜெயிச்சுட்டு வந்தாங்க. மூணாவது தோல்வி. நாலாவது மேட்ச் அட்லாண்டால, 6-0 முன்னிலை. யாங்கீஸ் மூணு எடுத்து 6-3 ஆச்சு, எட்டாவது இன்னிங்ஸ்லயே பாபி க்ளோசர் மார்க் வோலர்ஸ கூப்ட்டாரு. கிட்டத்தட்ட 100 மைல் வேகத்துல போடற ஆள். ஜிம் லெய்ரிட்ஸ் அந்த வேகப்பந்த எல்லாம் தட்டித் தட்டி ஃபவுல் பண்ணி விட்டாரு, வோலர்ஸ் ஸ்லைடர்னு ஒரு வளையற பந்து போட்டாரு, அது வளையாம நடுவுல தொங்கிச்சு. மூணு ரன் ஹோமர், 6-6. பத்தாவது இன்னிங்ஸ்ல ரெண்டு அவுட், ஒண்ணாவது பேஸ்லயும் ரெண்டாவது பேஸ்லயும் ஆள் நிக்கறப்பவே பெர்னி வில்லியம்ஸ வேணும்னே நடக்க விடச் சொன்னாரு பாபி (இதுதான் வாக், நாலு பந்து வெளிய போட்டா அடிக்கிறவரு அடிக்காமலே ஒண்ணாவது பேஸுக்கு போயிடலாம்). அதாவது தானே மூணாவது பேஸுக்கு ஒரு ஆள அனுப்பி வெச்சாரு. அடுத்து யாங்கீஸ் இறக்கினது வேட் பாக்ஸ், அந்த காலத்துல அவர் அளவுக்கு பந்துக்கு பந்து பொறுமையா நின்னு வாக் வாங்கற ஆள் ரொம்ப கம்மி. ஸ்டீவ் ஏவரி அவருக்கு வாக் குடுத்தாரு, மூணு பேஸும் நெறஞ்சிருந்ததால ரன் தானா நடந்து வந்துச்சு, பின்னாலயே இன்னொரு ரன்னும். 8-6. அதுக்கப்புறம் ரெண்டு மேட்சும் போச்சு, ஆறாவது மேட்ச்ல பாபிய அம்பயர் வெளிய அனுப்பிட்டாரு.

அந்த பெர்னி வில்லியம்ஸ் வாக், அது தப்பு. இதுல நான் பாபி பக்கம் நிக்க மாட்டேன். ஏவரி அந்த வருஷம் அவ்ளோ நல்லா போடல, பேஸ் மூணையும் நிரப்பிட்டா ஒரு பந்து கூட தப்பா போட இடமில்ல, பாக்ஸ் இன்னும் பெஞ்ச்ல இருக்காருன்னு தெரியும். வோலர்ஸ போட்டது தப்பில்ல. அந்த வருஷம் 39 சேவ் (முன்னிலைய கடைசி வரைக்கும் காப்பாத்தினது) எடுத்த ஆள எட்டாவது இன்னிங்ஸ்ல கொண்டு வந்தது இன்னிக்கு எல்லா மேனேஜரும் அக்டோபர்ல பண்றதுதான்.

இப்ப கணக்கு கொஞ்சம். பேஸ்பால்ல 162 மேட்ச்ல 100 ஜெயிச்சா அது பிரமாதமான டீம், ஆனா அந்த டீமும் 62 தோக்குது. அக்டோபர்ல எதிர்ல வர்றவங்களும் நல்ல டீம்தான், அதனால ஒவ்வொரு மேட்ச்லயும் நம்ம டீமுக்கு 55 சதவீதம் வாய்ப்புன்னு வெச்சுக்கலாம், அதுவே தாராளம். அஞ்சு மேட்ச் சீரிஸ் ஜெயிக்க சுமார் 59 சதவீதம் வரும், ஏழு மேட்ச் சீரிஸ் ஜெயிக்க 61. 1995ல இருந்து மூணு சீரிஸ் வரிசையா ஜெயிக்கணும், பெருக்கிப் பாருங்க, 22 சதவீதம்தான் வருது. அதுக்கு முன்னால ரெண்டு சீரிஸ்தான், அப்ப 37 சதவீதம். 14 வருஷத்துக்கும் கூட்டினா மூணு, மூணரை கோப்பை வந்திருக்கணும். வந்தது ஒண்ணு. பதினாலும் வந்திருக்கணும்னு கத்தறவங்களுக்கு பேஸ்பால் தெரியல, ஆனா எல்லாம் அதிர்ஷ்டம்னு சொல்றவங்களும் சரியில்ல. இதே கணக்குல ஒண்ணு அல்லது அதுக்கு கீழ வர்றதுக்கு பத்துல ஒரு வாய்ப்புதான் இருக்கு. நடக்கக்கூடியதுதான், ஆனா தோள குலுக்கிட்டு போயிட முடியாது. ரெண்டு கோப்பைய டீம் தவற விட்டிருக்கு. அதுல எவ்ளோ பாபியோட கணக்குல எழுதணும்ங்கறதுதான் நிஜமான சண்டை.

எனக்கு பட்டது இது. பாபி காக்ஸ கோடை முழுக்க ஜெயிக்க வெச்ச குணமும், அக்டோபர்ல அவர காயப்படுத்தின குணமும் ஒண்ணே. அவரு தன் ஆட்கள நம்புவாரு. இது சும்மா வாய்வார்த்தை நம்பிக்கை இல்ல. ஒரு பையன் ரெண்டு வாரம் பந்தத் தொடவே முடியாம அவுட் ஆகிக்கிட்டிருந்தாலும் மறுநாள் லைன்-அப்ல அவன் பேரு இருக்கும். ப்ளேயர் தப்பு பண்ணா பத்திரிகைக்காரங்ககிட்ட அவன பத்தி ஒரு வார்த்தை தப்பா சொல்ல மாட்டாரு. பன்னெண்டு வருஷம் அவரோட பேட்டிகள கேட்டவன் நான், தோத்த அன்னிக்கும் அவன் நல்லாத்தான் போட்டான், அவங்க நல்லா அடிச்சுட்டாங்கன்னுதான் வரும். 162 மேட்ச் ஆடற விளையாட்டுல இதுக்கு விலையே கிடையாது. ஆறு மாசம், கிட்டத்தட்ட தினமும் மேட்ச், உடம்பு நோவும், மனசு சோரும், அப்ப மேலதிகாரி நம்மள கைவிட மாட்டாருங்கற நெனப்பு ஒரு ஆள நிமுத்தி நிக்க வைக்கும். ஆனா அக்டோபர்ல ஏழே மேட்ச். அங்க நம்பிக்கைக்கு நேரமில்ல, இந்த நிமிஷம் யார் சரின்னு ஈவு இரக்கமில்லாம பாக்கணும். லீப்ரான்ட நம்பினாரு. ஏவரிய நம்பினாரு.

அதே நம்பிக்கைதான் 1995ல கோப்பையும் வாங்கிக் குடுத்துச்சு. ஆறாவது மேட்ச், கிளீவ்லாண்ட் கூட, டாம் கிளாவின் எட்டு இன்னிங்ஸ் போட்டு ஒரே ஒரு ஹிட்தான் குடுத்திருந்தாரு. டேவிட் ஜஸ்டிஸ் அடிச்ச ஒரே ஹோம் ரன், 1-0. ஒம்பதாவது இன்னிங்ஸுக்கு கிளாவின் வரல, வோலர்ஸ் வந்தாரு, மூணு பேரையும் அனுப்பிட்டாரு. அடுத்த வருஷம் லெய்ரிட்ஸுக்கு ஸ்லைடர் போட்ட அதே வோலர்ஸ்தான்.

இந்த நம்பிக்கைக்கு கண்டிப்பும் உண்டு, அத மறந்துட்டு அவர ஏதோ தாத்தா மாதிரி பேசறாங்க. 1998ல நான் வந்த கோடைல ஒரு மேட்ச். ஆண்ட்ரூ ஜோன்ஸ், 21 வயசு, சென்டர் ஃபீல்டுல அந்த காலத்துல அவனுக்கு இணை கிடையாது, ஒரு பந்த ஓடிப் புடிக்காம சோம்பலா விட்டான். பாபி இன்னிங்ஸ் முடியட்டும்னு கூட காத்திருக்கல, நடுவுலயே அவன வெளிய கூப்ட்டு வேற ஆள அனுப்பிட்டாரு. அத்தன பேர் பாக்க அந்த பையன் சென்டர் ஃபீல்டுல இருந்து டக்அவுட் வரைக்கும் நடந்து வரணும், அது எவ்ளோ தூரம்னு மைதானத்த பாத்தவங்களுக்கு தெரியும். மறுநாள் பேர் திரும்ப லைன்-அப்ல.

அப்புறம் அந்த எஜெக்‌ஷன். 158 தடவ அம்பயர் அவர வெளிய அனுப்பியிருக்காங்க, ரெகுலர் சீசன்ல மட்டும். மெக்ராவோட பழைய ரெக்கார்ட 2007 ஆகஸ்ட்ல 132ஆவது தடவ தாண்டினாரு. கோபக்காரர்னு நெனச்சுடாதீங்க தம்பி. மேல ஒரு டாலர் சீட்ல இருந்து நான் எத்தன தடவ பாத்திருப்பேன், எப்பவும் ஒரே மாதிரிதான் நடக்கும். ஸ்ட்ரைக் பத்தி பேட்ஸ்மேன் அம்பயர்கிட்ட ஏதோ முணுமுணுப்பான், அம்பயர் ஹெல்மெட்ட கழட்டி அவன் பக்கம் திரும்புவாரு, அதுக்குள்ள டக்அவுட் படில ஒரு குண்டு உருவம், முழங்கால் வலில சாஞ்சு சாஞ்சு, ஆனா வேகமா, ஷூவுல ப்ளேயர் போடற அதே ஸ்பைக்ஸ் இருக்கும், வந்து ரெண்டு பேருக்கும் நடுவுல உடம்ப விட்டுடுவாரு. ப்ளேயர் பின்னால தள்ளப்படுவான். அம்பயர் கை ஓங்கறப்ப எதிர்ல இருக்கறது பாபி. ப்ளேயர் மேட்ச்ல இருப்பான், பாபி போயிடுவாரு. மேனேஜர் இல்லாம டீம் அந்த மேட்ச ஆடிடும், மூணாவது இடத்துல அடிக்கிற ஆள் இல்லாம ஆட முடியாது, அவரு கணக்கு அவ்ளோதான்.

யாங்கீஸ் மேனேஜரா இருந்த ஜோ டோரி கூட ஒப்பிடறவங்க உண்டு, அவருக்கு 1996, 98, 99, 2000னு நாலு கோப்பை. ஆனா டோரிகிட்ட மரியானோ ரிவேராங்கற பிட்சர் இருந்தாரு. பாபிகிட்ட 1991ல இருந்து 2001 வரைக்கும் கடைசி இன்னிங்ஸுக்கு ஆள் மாறிக்கிட்டே இருந்துச்சு, பேன்யா, ரியர்டன், ஸ்டான்டன், வோலர்ஸ், லிக்டன்பர்க், ராக்கர். நிலையான க்ளோசர்னு கெடச்சது 2002ல ஸ்மோல்ட்ஸ், அப்ப 55 சேவ் எடுத்தாரு, ஆனா அதுக்கு மேட்ச் ஆரம்பிக்கிற ஒரு நல்ல பிட்சர பலி குடுத்துத்தான் வாங்கினோம். நான் இந்த மொத்த சண்டைலயும் பெரிய காரணம் இதுதான்னு நெனைக்கிறேன், ரெண்டு கோப்பைய இழந்தோம்னு மேல சொன்னேன்ல, பாதிக்கு மேல இங்கதான் போச்சு. நல்ல க்ளோசர வாங்கிக் குடுக்க வேண்டியது மேல இருந்தவங்க.

கடைசி வருஷம் 2010. இத சொல்லாம முடிக்க மனசு வரல. அஞ்சு வருஷத்துக்கு அப்புறம் ப்ளே-ஆஃப், சான் ஃப்ரான்சிஸ்கோ கூட. சிப்பர் ஜோன்ஸ் முழங்கால் போயி ஆகஸ்ட்லயே அவுட், மார்ட்டின் ப்ராடோவும் சீசன் கடைசில அடிபட்டு அவுட், க்ளோசர் பில்லி வாக்னர் ரெண்டாவது மேட்ச்ல அவுட். ரெண்டாவது பேஸ்ல நின்னது ப்ரூக்ஸ் கான்ராட், பெஞ்ச்ல இருந்து வந்து அடிக்கிற ஆள், ஃபீல்டிங் அவருக்கு வராது. மூணாவது மேட்ச், 2-1 முன்னிலை, ஒம்பதாவது இன்னிங்ஸ், ரெண்டு அவுட், இன்னும் ஒரு ஸ்ட்ரைக்தான் பாக்கி, போட்டுக்கிட்டிருந்தது கிரேக் கிம்பிரல்னு ஒரு புதுப் பையன். அந்த ஸ்ட்ரைக் வரல, ஹிட் போயிடுச்சு. அடுத்து இடது கை ஆப்ரி ஹஃப் வந்தாரு. இத்தன வருஷமா ஆள நம்பி நம்பி அடி வாங்கினவரு, அன்னிக்கு கிம்பிரல எடுத்துட்டு இடது கை மைக் டன்ன கொண்டு வந்தாரு. ஹஃப் அடிச்சுட்டாரு, மேட்ச் சமம். அடுத்த பந்து வீசறவர் மாறி, பஸ்டர் போஸி தரையோட அடிச்சது நேரா கான்ராட் கால் நடுவுல போயிடுச்சு. அன்னிக்கு கான்ராடோட மூணாவது தப்பு. 3-2. அந்த கிம்பிரல்தான் அடுத்த வருஷத்துல இருந்து லீக்லயே பயங்கரமான க்ளோசர். நம்பினப்பவும் போச்சு, நம்பாம மாத்தினப்பவும் போச்சு.

மேட்ச் முடிஞ்சு பாபிகிட்ட கேட்டாங்க. கான்ராட் மேல ஒரு வார்த்தை வரல.

அடுத்த நாள் அக்டோபர் 11, நாலாவது மேட்ச், 3-2ன்னு அதுவும் தோல்வி, சீசன் முடிஞ்சுது, அவரோட வேலையும் முடிஞ்சுது. சான் ஃப்ரான்சிஸ்கோ பசங்க மைதானத்து நடுவுல கட்டிப்புடிச்சு குதிச்சுக்கிட்டிருந்தாங்க. ஸ்டேடியம் முழுக்க எழுந்து பாபி பேர கூப்ட்டுக்கிட்டே இருந்தோம், என் பக்கத்துல வழக்கமா அவர திட்டற ஒரு வயசானவரு, தொண்ட கட்டற அளவுக்கு அவரும்தான் கத்தினாரு. பாபி டக்அவுட் படியேறி வந்தாரு. ஜெயிச்ச டீம் கொண்டாட்டத்த நிறுத்திட்டு அவர் பக்கம் திரும்பி கை தட்டினாங்க. அவரு தொப்பிய கழட்டி ஜனங்க பக்கம் ஒரு தடவ காட்டினாரு, அப்புறம் அந்த டீம் பக்கம் ஒரு தடவ காட்டிட்டு, உள்ள போயிட்டாரு.